ஆசிரியர் இல்லாமல், நாற்பது வயதுக்கு மேல், அக்கவுஸ்டிக் ப்ளூஸ் கிட்டார் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் தொடங்காதீர்கள்.

உங்களுக்கு வயது 41, கல்லூரி நாட்களில் சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடித்து வாசித்த பழக்கம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தனியாக உட்கார்ந்து பேஸும் (கீழே ஒலிக்கும் தடித்த சுரங்கள்) மெட்டும் சேர்த்து வாசித்த வீடியோவைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. பென்டடானிக் என்ற ஐந்து சுர ஸ்கேலிலிருந்து ஆரம்பிக்கலாமா, எவ்வளவு நாள் ஆகும், எந்தக் கிட்டார் வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

நான் வாத்தியார் இல்லை. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 36 வயதில் ஆரம்பித்தேன். எட்டு வருடமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் போல வாசிக்கிறேன். அதில் முதல் இரண்டு வருடம் தண்டம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதே ஸ்கேலில்தான் காலை வைக்கப் போகிறீர்கள்.

பென்டடானிக் ஸ்கேலைக் கழுத்தில் ஐந்து இடங்களில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். யாரோ போட்டுவைத்த டிரம்ஸ், பேஸ் ட்ராக்கை ஓடவிட்டு அதன்மேல் தந்தியை இழுத்து இழுத்து வாசித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொங்கலுக்கு மாமனார் வீட்டு மொட்டைமாடியில், "மாப்பிள்ளை, ஏதாச்சும் வாசிங்களேன்" என்றார்கள். ஸ்பீக்கர் இல்லை, ட்ராக் இல்லை. துண்டு துண்டாக நாலு இழுப்பு இழுத்ததும் என் சரக்கு தீர்ந்துபோனது. மாமனார் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, கரும்பு வெட்டக் கத்தி எங்கே என்று கேட்டார்.

உங்களை மயக்கிய அந்த வாசிப்பு வேறு ஜாதி. ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை. 1920, 30களில் மிசிசிப்பியிலும் டெக்சஸிலும் கரோலினாப் பக்கமும் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவில் கூடி ஆடிய வீடுகளில் பல நேரம் இருந்தது ஒரே ஒரு கிட்டார்க்காரர்தான். மைக் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஆடுகிற காலுக்குத் தாளம் வேண்டும், பாடுகிற குரலுக்குப் பின்னால் ஏதாவது ஒலிக்க வேண்டும், பாடி நிறுத்துகிற இடைவெளியில் மெட்டு பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரே வலதுகை. அதில் டிரம்ஸ், பேஸ் இரண்டும் கட்டைவிரலின் பொறுப்பு. ஆகவே ஸ்கேலை மூடி வைத்துவிட்டு முதல் மூன்று மாதம் கட்டைவிரலை மட்டும் பழக்குங்கள்.

கட்டைவிரலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரே பேஸ் தந்தியை ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே இருப்பது. ஹூஸ்டனில் இருந்த லைட்னின் ஹாப்கின்ஸ், பிக் பில் புரூன்சி, டெக்சஸ் விவசாயி மான்ஸ் லிப்ஸ்கம்ப் எல்லாம் பெரும்பாலும் இந்த வழி. இன்னொன்று, இரண்டு பேஸ் தந்திகளுக்கு நடுவே மாறி மாறிப் போவது; மிசிசிப்பி ஜான் ஹர்ட் அதில் மன்னர். முதல் வழியில் ஆரம்பியுங்கள்.

ஈ கார்டு பிடித்துக்கொள்ளுங்கள். ஆறாவது தந்தி, அதாவது மிகத் தடித்தது, சும்மா திறந்தபடி. சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேடு தந்திகள் கிட்டாரின் உடம்பில் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் ஓரத்தில் தந்தியை லேசாகத் தொட்டிருக்கட்டும். இப்போது தட்டினால் 'டங்ங்ங்' என்று நீளாமல் 'தும்' என்று அடங்கும். தும், தும், தும், தும். இரண்டு வாரம் இதுதான். "மோட்டார் போட்டு மறந்துட்டீங்களா?" என்று பக்கத்து அறையிலிருந்து என் மனைவி கேட்டாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் முதல் தந்தியை நடுவிரலால் சுண்டுங்கள், கட்டைவிரலோடு ஒரே நேரத்தில். இது எளிது. அடுத்து, இரண்டு 'தும்'களுக்கு நடுவே சுண்டுங்கள். இங்கேதான் எல்லாருக்கும் வண்டி நிற்கும். விரல் நடுவில் விழுந்ததும் கட்டைவிரல் தன் வேலையை மறந்து அதன் பின்னாலேயே போகும், இல்லையென்றால் நின்றுவிடும். மூளை ஐந்து விரலையும் ஒரே கையாகத்தான் இத்தனை வருடம் நடத்தியிருக்கிறது. இப்போது ஒன்றைத் தனிக்குடித்தனம் வைக்கச் சொல்கிறோம், அடம்பிடிக்கத்தான் செய்யும். இதற்கு நான் கண்ட மருந்து பேச்சு. கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்க வீட்டுக் கணக்கைச் சத்தமாகச் சொல்லுங்கள். மளிகைப் பட்டியல், பழைய போன் நம்பர், ஒன்பதாம் வாய்ப்பாடு, எதுவானாலும் சரி. பேச்சோடு தாளம் தடுமாறினால் விரல் இன்னும் பழகவில்லை என்று பொருள். ஏறத்தாழ மூன்றாவது மாதம் என் மகள் வந்து ஸ்கூட்டி சாவி எங்கே என்றாள். ஃப்ரிட்ஜ் மேலே என்றேன். அவள் போன பிறகுதான் உறைத்தது, தும் தும் நிற்கவேயில்லை.

தாளம் பற்றி ஒரு வார்த்தை. ப்ளூஸில் ஷஃபிள் என்று ஒரு நடை உண்டு. இங்கிலீஷ் பாடங்களில் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. நமக்கு அது வேண்டாம். 'தகிட, தகிட' என்று சொல்லுங்கள். அதில் 'கி'யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். த...ட, த...ட. கட்டைவிரல் 'த'வில். விரலால் சுண்டும் சுரம் பல நேரம் 'ட'வில். திஸ்ர நடை காதில் ஏறியவருக்கு ஷஃபிள் பத்து நிமிட வேலை.

பாட்டின் சட்டம் பன்னிரண்டு பார்; ஒரு பார் என்பது நாலு அடி. ஈ நாலு பார், ஏ இரண்டு, மறுபடி ஈ இரண்டு, பி7 ஒன்று, ஏ ஒன்று, கடைசி இரண்டில் ஈயில் வந்து நின்று பி7 வழியாகத் தொடக்கத்துக்குத் திரும்பும். ஈயில் கட்டைவிரலுக்குத் திறந்த ஆறாவது தந்தி, ஏயில் திறந்த ஐந்தாவது தந்தி. பேஸுக்காக இடதுகை எதையும் பிடிக்க வேண்டியதில்லை, விரல்கள் மெட்டுக்கு மிச்சமாகும். தனியாக வாசிப்பவர்கள் ஈயை இவ்வளவு விரும்புவதற்கு இந்தச் சோம்பேறித்தனமும் ஒரு காரணம். பி7இல் மட்டும் ஐந்தாவது தந்தி இரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிக் கட்டம்); சுண்டுவிரல் முதல் தந்திக்கு நீள வேண்டும், ஒரு மாதம் வலிக்கும்.

இனி அந்த 'ப்ளூஸ் வாசனை'. ஈ கார்டில் மூன்றாவது தந்தி முதல் ஃப்ரெட்டில் அழுத்தப்பட்டிருக்கும். அந்த ஆள்காட்டி விரலைத் தூக்கிவிட்டு, திறந்த தந்தியைச் சுண்டி, உடனே விரலை மீண்டும் தட்டி வையுங்கள். ஜி ஒலித்து ஜி ஷார்ப்பில் போய் விழும். சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு தாவல். முதல் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் இதையே வேறு விதமாகச் செய்வார்கள்: ஜியை அழுத்தி, தந்தியைக் கொஞ்சமே கொஞ்சம் வளைத்து, இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிறுத்துவார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. கமகத்தில் ஊறிய காதுக்கு அந்த இடம் புதிதாகத் தெரியாது. அதனால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இசை சட்டென்று ஒட்டிக்கொள்கிறது என்பது என் சந்தேகம். நீங்கள் கேட்ட பென்டடானிக் ஸ்கேலும் நமக்குத் தெரிந்த சுத்த தன்யாசியின் சுரங்கள்தான். அதற்காக ப்ளூஸைச் சுத்த தன்யாசியாக வாசித்துவிடாதீர்கள். நான் வாசித்தேன், பஜனை மாதிரி இருந்தது. கீழே ஓடுகிற கார்டில் பெரிய காந்தாரம், மேலே மெட்டில் சின்ன காந்தாரம், இரண்டும் உரசுகிற உரசலில்தான் விஷயம் இருக்கிறது. எலெக்ட்ரிக்காரர்கள் போல முழுச் சுரத்துக்கு இழுக்கவும் வேண்டாம். அக்கவுஸ்டிக்கில் மூன்றாவது தந்திக்கே கம்பி சுற்றியிருக்கும், விரல்தான் கிழியும்.

யாரைக் கேட்பது என்றால், பெரும்பாலானவர்கள் ராபர்ட் ஜான்சனில் ஆரம்பிக்கிறார்கள். நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்ற கதை அப்படி இழுக்கிறது. நிஜத்தில் அவர் ஐக் சிம்மர்மன் என்ற மூத்த கிட்டார்க்காரரிடம் கூடவே இருந்து பழகியிருக்கிறார். 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டாலஸிலுமாக 29 பாட்டுகள் பதிவு செய்தார், 1938இல் 27 வயதில் போய்விட்டார். அந்த 29ஐயும் கேளுங்கள், வாசிக்க மட்டும் முயலாதீர்கள். இரண்டு பேர் வாசிப்பது போல ஒலிக்கும். தொடக்கக்காரருக்கு அது மனச்சோர்வைத்தான் தரும்.

ஈயில் ஒரு ஹாப்கின்ஸ் பாணிப் பாட்டு கைவந்ததும் நேராக ஜான் ஹர்ட்டிடம் போங்கள். எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். 1928இல் ஓகே என்ற ரெக்கார்டு கம்பெனிக்காகப் பாடினார், விற்கவில்லை, பின்னாலேயே பொருளாதார மந்தம் வந்தது. அவலான் என்ற தன் ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலை பார்த்தார், அக்கம்பக்கத்து விசேஷங்களுக்கு வாசித்தார். முப்பத்தைந்து வருடம். ஒரு பாட்டில் அவலான்தான் என் ஊர் என்று பாடியிருந்ததை வைத்து டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் 1963இல் தேடிப் போனால், மனிதர் அங்கேயே இருக்கிறார். அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மேடை ஏறினார், 1966இல் காலமானார். வாழ்நாளில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வாசித்தவர். அவசரமே தெரியாத அந்த வாசிப்பு அதனால்தானோ என்னவோ.

அவரிடம் கட்டைவிரல் மாறி மாறிப் போகும். சி கார்டில் ஐந்தாவது தந்தி, நான்காவது தந்தி, மறுபடி ஐந்து, நான்கு. அதன்மேல் இரண்டு விரல்கள் மெட்டைப் பாடும். சி கார்டில் இருக்கும் ஒரே ஒரு பாட்டை எடுத்து, யூடியூபில் வேகத்தை 0.75க்கு இறக்கி, நாலு நாலு பாராக எடுங்கள். டேப் என்ற விரல் இடக் குறிப்பு எழுதியது கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்த ஃப்ரெட் என்று அது சொல்லும், எப்படி ஆடுகிறது என்று சொல்லாது. எனக்கு முதல் ஹர்ட் பாட்டுக்கு ஐந்து மாதம் ஆனது.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வட கரோலினாவின் எலிசபெத் காட்டன் இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தார். அதனால் அவருக்கு பேஸ் விரல்களில், மெட்டு கட்டைவிரலில். இதுவரை நான் சொன்ன எல்லாமே தலைகீழ். இளவயதில் விட்ட கிட்டாரை, நாட்டுப்புற இசைக்குப் பேர்போன சீகர் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்த காலத்தில்தான் மறுபடி எடுத்தார். முதல் ஆல்பம் 1958இல் வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். உங்களுக்கு 41 தானே.

பாடுவதா? நான் பாடுவதில்லை, முனகுவதோடு சரி. அந்த வரிகள் வேறொருவர் பட்ட பாடு. என் உச்சரிப்பில் அவை மிமிக்ரியாகிவிடுகின்றன. இது என் கூச்சம், உங்களுக்கு விதி இல்லை.

கிட்டார் எது என்றால், பத்தாயிரம் சுற்றில் எந்த நல்ல கம்பெனிக் கிட்டாரும் போதும், தந்தியின் உயரத்தை மட்டும் பாருங்கள். நான் முதலில் வாங்கியதில் தந்தி கழுத்திலிருந்து விலகி வானத்தில் நின்றது. பி7 பிடிக்க வராததற்கு ஆறு மாதம் என் விரலைத்தான் திட்டினேன். விற்ற கடைக்காரர், "புதுசுன்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்றார். கடைசியில் ஒரு ரிப்பேர்காரர் சேடில் என்ற அந்த வெள்ளைக் கட்டையை எடுத்து அரை மணி நேரம் அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரம். அன்றே பி7 வந்தது. தந்தி 11 கேஜ் (தடிமன் அளவு) போடுங்கள், விரல் தடித்த பிறகு 12க்குப் போகலாம். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள், வியர்வையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கட்டைவிரலில் மாட்டும் தம்ப் பிக் பிடித்தால் போடுங்கள். எனக்கு வெறும் விரலின் மந்தமான ஒலிதான் பிடிக்கிறது.

எவ்வளவு நாள்? கட்டைவிரலுக்கு மூன்று மாதம், ஒரு முழுப் பன்னிரண்டு பார் பாட்டு யார் முன்னாலும் வாசிக்க ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டமான இரண்டு போக ஆறு வருடத்தில் என்னிடம் இருப்பது ஒன்பது பாட்டு. இப்போது ரெவரண்ட் கேரி டேவிஸின் ஒரு துண்டில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டை மட்டும் வைத்து வாசித்தவர் அவர். அவருடைய ஓட்டங்களில் கட்டைவிரல் திடீரென்று பேஸை விட்டுவிட்டு மெட்டுக்குள் ஏறும், ஆள்காட்டி விரலோடு மாறி மாறி ஓடிவிட்டு மறுபடி கீழே இறங்கும். என் கட்டைவிரலோ நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, ஏற மாட்டேன் என்கிறது. நாலு மாதமாக அந்த ஒரு பாரிலேயே நிற்கிறேன்.