கடைக் கெஃபிரை உறை ஊற்றலாமா?

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கும் என் மகள், கடையில் வாங்கிய கெஃபிரில் (பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) இரண்டு கரண்டி எடுத்து, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் பாலில் ஊற்றி வைத்தாள். முதல் முறை நன்றாகத் தோய்ந்தது. பிறகு வரவர நீர்த்துவிட்டது. கெஃபிர் மணிகளும் உருவாகவில்லை. பாலில் குறையா? கடைக் கெஃபிர் உண்மையான கெஃபிர்தானா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: பாலில் குறையில்லை, கடைக் கெஃபிரிலிருந்து மணிகள் உருவாவதில்லை. வடக்குக் காக்கேசிய மலைகளில் வாழும் கராச்சாய், பால்கர், ஒசேத்திய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கெஃபிருக்கு அந்த மணிகளே உயிர். வெளிர் மஞ்சள் படர்ந்த வெண்மையில், காலிஃபிளவர் துணுக்குகள்போல் இருக்கும் அவற்றை விரலால் அழுத்தினால் வழவழப்பாக நெகிழும். அவற்றில் வாழும் ஒருவகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா சுரக்கும் கெஃபிரான் என்ற பிசினில், லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அசிட்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈஸ்டுகளும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. பழைய மணி பாலில் வளர்ந்து பிரிந்தால்தான் புதிய மணி கிடைக்கும்.

பெரும்பாலான கடைக் கெஃபிரிலோ, தேர்ந்தெடுத்த சில நுண்ணுயிர் வகைகளை மட்டும் கொண்ட உறைப்பொடியைத்தான் பாலில் சேர்க்கிறார்கள். எல்லாப் பாட்டில்களிலும் ஒரே சுவை வேண்டும் என்பது ஒரு காரணம்; ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடால் மூடிய பாட்டில் உப்பிவிடும் என்பது இன்னொரு காரணம். அதனால் பலர் ஈஸ்டைக் குறைக்கிறார்கள் அல்லது விட்டேவிடுகிறார்கள். அத்தகைய உறையை மீண்டும் மீண்டும் எடுத்து ஊற்றும்போது நுண்ணுயிர்களின் விகிதம் மாறி, வெளியிலிருந்து வேறு நுண்ணுயிர்களும் கலந்துவிடுவதால், உங்கள் மகளுக்கு நேர்ந்ததுபோல் தோய்வது கெட்டுப்போகிறது.

ஆனால் ஆலையில் செய்தது என்பதாலேயே அது போலியாகிவிடாது. ரஷ்யாவில் ஆலைகளே மணிகளைப் பாலில் வளர்த்து, வடித்தெடுத்த பாலை உறையாகப் பயன்படுத்துகின்றன. மணி உறை இல்லாமல் செய்ததைக் கெஃபிர் என்ற பெயரில் விற்க அங்கே விதிமுறை இடம் தருவதில்லை. 2003ஆம் ஆண்டின் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநிலையும் மணியிலிருந்து வந்த உறையையே கெஃபிருக்கு உரியதாகக் கொள்கிறது. ஒரு கிராமில் குறைந்தது 10,000 ஈஸ்டுகளாவது இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. வீட்டில் செய்ததா, ஆலையில் செய்ததா என்பதைவிட, மணியிலிருந்து வந்ததா, பொடியிலிருந்து வந்ததா என்று கேட்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகள், கெஃபிர் செய்பவர் யாரிடமாவது மணிகளைக் கேட்டு வாங்கட்டும். ஒரு மேசைக்கரண்டி மணிக்கு ஏறத்தாழ 250 மில்லி பால் ஊற்றி, மூடியை இறுக்காமல், 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் வைத்து வடிகட்டினால் போதும்; மணிகளை உடனே புதிய பாலில் இட வேண்டும். குடிப்பதற்கு மட்டும் என்றால், சர்க்கரையும் பழச்சுவையும் சேர்க்காத கடைக் கெஃபிரும் நல்ல உணவே. வீட்டுக் கெஃபிரில் மிகச் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அதை அருந்த வேண்டும்.