ஹைலைட் செய்ததெல்லாம் கார்டு ஆகலாமா?

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் வேலை. காலை ஒன்றரை மணி நேரம், இரவு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அப்சிடியன் என்ற நோட்ஸ் ஆப்பில் எடுத்த நோட்ஸ் 340 பக்கம் சேர்ந்துவிட்டது. ஹைலைட் செய்த வரியெல்லாம் தானாக ஆங்கிக்கு, அதாவது கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் ஆப்புக்கு, போகும்படி ஒரு பிளக்-இன் (இணைப்பு நிரல்) போட்டேன். ஒன்றரை மாதத்தில் 2,600 கார்டு. தினம் 60 புதிய கார்டு பார்த்தேன், ரிவிஷன் 450-ஐத் தாண்டியது. ஊரில் திருவிழா என்று ஒன்பது நாள் தொடவில்லை. இப்போது 1,900 கார்டு காத்திருக்கிறது, ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நோட்ஸை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கட்டுமா? என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். தம்பி தன் பழைய ஐபோனைத் தருகிறேன் என்கிறான். அதில் காசு கொடுத்து ஆப் வாங்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: அழிக்காதீர்கள். ஒன்பது நாள் என்பது பெரிய இடைவெளி இல்லை. அந்த 1,900-இல் பெரும்பாலானவை இன்னும் உங்கள் நினைவில் இருக்கும். தள்ளிப்போன கார்டைத் தாமதமாகப் பார்த்தும் சரியாகச் சொல்லிவிட்டால், ஆங்கி அந்தத் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அடுத்த முறையை இன்னும் தள்ளி வைக்கும். அபராதம் எதுவும் கிடையாது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கி வரும்போதே ஒரு நாளைக்குப் புதியது 20, ரிவிஷன் 200 என்ற வரம்போடுதான் வருகிறது. அந்த விகிதம் காரணமில்லாமல் வைத்ததல்ல. தினம் ஒரு புதிய கார்டு சேர்த்துக்கொண்டே போனால், சில வாரங்களில் அதற்காகத் தினம் ஏழிலிருந்து பத்து ரிவிஷன் வந்து நிற்கும். 60-ஐ ஏழரையால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 450 வந்துவிடும். திருவிழா வராமல் இருந்தாலும் இன்னும் இரண்டு வாரத்தில் எங்காவது முட்டிக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள்.

முதலில் கிடப்பதைக் கரையேற்றுவோம். கணினியில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் முழுத் தொகுப்பையும் ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். டெக் (கார்டுக் கட்டு) ஆப்ஷன்ஸில் புதிய கார்டு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். ரிவிஷன் வரம்பை 150 ஆக்குங்கள். கார்டுக்கு எட்டு வினாடி என்றால் 20 நிமிடம், காலை பஸ்ஸிலேயே முடிந்துவிடும். அதே பக்கத்தில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற பொத்தானை ஆன் செய்யுங்கள். எந்தக் கார்டு எப்போது வர வேண்டும் என்று உங்கள் நினைவாற்றலை வைத்துக் கணக்கிடும் முறை அது. 2023 இறுதியில் வந்த 23.10 பதிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது, போனில் உள்ள ஆப்பையும் புதுப்பித்துவிட்டு ஆன் செய்யுங்கள். பிறகு கார்டு வரும் வரிசையைத் தீர்மானிக்கும் ‘ரிவியூ சோர்ட் ஆர்டர்’ என்ற இடத்தில் ‘டிசெண்டிங் ரிட்ரீவபிலிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள். நினைவில் நிற்க வாய்ப்பு அதிகமுள்ள கார்டுகள் முதலில் வரும். பலரும் மறந்துபோனதிலிருந்து தொடங்கத்தான் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் மறந்ததோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் நினைவில் இருந்ததும் கைநழுவும்.

நடப்பு நிகழ்வுகள் கார்டுகளையும் ‘லீச்’ என்று டேக் விழுந்தவற்றையும் கணினி ஆங்கியின் ‘பிரவுஸ்’ சாளரத்தில் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-ஜே அழுத்தி நிறுத்தி வையுங்கள். கார்டு அழியாது, தூங்கும். எட்டு முறை மறந்த கார்டுக்குத்தான் ஆங்கி அந்த டேக்கைப் போடுகிறது. அட்டையைப் போல இரத்தத்தை, அதாவது உங்கள் நேரத்தை, உறிஞ்சுகிற கார்டு என்று அர்த்தம். எட்டு முறை மறந்தால் பிழை கார்டில்தான் இருக்கும், உங்கள் மூளையை நோக வேண்டாம்.

கார்டில் என்ன பிழை என்பதற்கு உங்கள் பாடத்திலேயே ஓர் உதாரணம். பஞ்சாயத்து ராஜ் நோட்ஸில் இப்படி ஒரு பத்தி இருக்கும்: ‘73வது திருத்தச் சட்டம், 1992. நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. அரசமைப்பில் பகுதி 9-ஐயும் 11வது அட்டவணையையும் சேர்த்தது. அட்டவணையில் 29 பொருள்கள்.’ நீங்கள் முழுப் பத்தியையும் ஹைலைட் செய்திருப்பீர்கள். பிளக்-இன் அதை ‘73வது திருத்தம்?’ என்ற ஒற்றைக் கேள்வியாக்கியிருக்கும். பார்க்கிறபோது ஐந்தில் மூன்று ஞாபகம் வருகிறது. விடையைப் பார்த்ததும் ஆங்கி காட்டும் அகெய்ன் (மறந்தேன்), ஹார்ட், குட் (சொன்னேன்) பொத்தான்களில் எதை அழுத்துவீர்கள்? அகெய்ன் அழுத்த மனம் வராது, குட் அழுத்த மனசாட்சி விடாது. ஹார்டை அழுத்துவீர்கள்.

அங்கேதான் கணக்கு கெடுகிறது. ஹார்ட் என்றால் ‘கஷ்டப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன்’ என்று அர்த்தம். ஆங்கி அதைத் தேர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். மறந்ததற்கெல்லாம் ஹார்ட் போட்டால், எஃப்எஸ்ஆர்எஸ் உங்கள் நினைவாற்றலைத் தப்பாக எடைபோட்டு எல்லாக் கார்டின் இடைவெளியையும் தப்பாகவே கொடுக்கும். இனி மறந்தால் அகெய்ன், சொன்னால் குட், இந்த இரண்டே போதும். இதுவரை ஹார்டைத் தாராளமாக அழுத்தியிருந்தால், ஆப்ஷன்ஸில் ‘இந்தத் தேதிக்கு முன் பார்த்த கார்டுகளைக் கணக்கில் எடுக்காதே’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் இன்றைய தேதியைப் போடுங்கள். புதிய கார்டுகளை மறுபடி தொடங்கி ஒரு மாதம் போனதும், உங்கள் விடைகளை வைத்து எஃப்எஸ்ஆர்எஸ் கணக்கைச் சரிசெய்யும் ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்துங்கள். டிசயர்ட் ரிடென்ஷன், அதாவது கார்டு வரும்போது எவ்வளவு நினைவில் இருக்க வேண்டும் என்ற இலக்கு, 0.90-இலேயே (90 சதவீதம்) இருக்கட்டும். ‘95 வைத்தால் இன்னும் நல்லதுதானே’ என்று ஏற்றினால் ரிவிஷன் எண்ணிக்கை மறுபடி மலையாகும்.

அந்தப் பத்தியை உடைத்தால் ஐந்து கார்டு வரும்: சட்டத்தின் ஆண்டு, நடைமுறைக்கு வந்த நாள், சேர்த்த பகுதி, சேர்த்த அட்டவணை, பொருள்களின் எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் விடை ஒரு சொல் அல்லது ஓர் எண். இத்தோடு முடிவதில்லை. அடுத்த வாரம் 74வது திருத்தத்தைப் படிப்பீர்கள். அது 1993 ஜூன் 1, பகுதி 9அ, 12வது அட்டவணை, 18 பொருள்கள். இரண்டு வாரம் கழித்து 29 எதற்கு, 18 எதற்கு என்று தலை சுற்றும். ஒரே அச்சில் வார்த்த கார்டுகள் ஒன்றையொன்று அழிக்கும், லீச் ஆகிறவற்றில் பல இப்படிப்பட்ட இரட்டைப் பிள்ளைகள்தான். பிரித்துக்காட்ட ஒரு பிடி கொடுங்கள். 11வது அட்டவணையின் முதல் பொருள் வேளாண்மை. 12வது அட்டவணையின் முதல் பொருள் நகரத் திட்டமிடல். கேள்வியை ‘வேளாண்மையில் தொடங்கும் அட்டவணையில் எத்தனை பொருள்கள்?’ என்று மாற்றினால் கிராமம் ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம் தானாகப் பிரிந்து நிற்கும்.

அப்படியானால் நோட்ஸ் எதற்கு? இந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது, தமிழ்நாட்டில் என்ன மாறியது, மாநிலத் தேர்தல் ஆணையம் எதற்கு, இதையெல்லாம் கார்டில் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. முதல்நிலைத் தேர்வின் 200 கேள்வியும் கொள்குறி வகை, அதற்குக் கார்டு கைகொடுக்கும். குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரித்து எழுத வேண்டும். அங்கே நிற்பது நோட்ஸ்தான். நோட்ஸை வெறுமனே திரும்பத் திரும்பப் படிப்பதும் வேண்டாம். கண்ணுக்குப் பழகிய வரியை மனம் ‘தெரியும்’ என்று ஏமாற்றிக்கொள்ளும்.

பிளக்-இன்னை எடுத்துவிடுங்கள். கையால் பத்து கார்டு அடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது, எது கார்டுக்கு லாயக்கு என்ற தீர்ப்பும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது. முறை இதுதான். இன்று இரவு நோட்ஸ் எழுதுங்கள், கார்டு போடாதீர்கள். நாளை இரவு நோட்ஸைத் திறக்காமல், தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நோட்ஸோடு ஒப்பிடுங்கள். விட்டதும் தப்பாக எழுதியதும் மட்டும் கார்டு. பழைய வினாத்தாளில் தவறவிட்ட கேள்விக்கும் இதே சட்டம். நாளுக்கு எட்டைத் தாண்ட வேண்டாம். பழைய பாக்கி தீரும்வரை அந்த எட்டையும் தாளிலேயே குறித்து வையுங்கள்.

பழைய கார்டுகளை உட்கார்ந்து மொத்தமாகத் திருத்தாதீர்கள், அது ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ரிவிஷனில் நீளமான கார்டு வந்தால் சிவப்புக் கொடி மட்டும் போட்டுவிட்டு நகருங்கள், கணினியில் அது கன்ட்ரோல்-1. ஞாயிற்றுக்கிழமை கொடி போட்டதில் பதினைந்தை மட்டும் உடையுங்கள்.

கார்டிலிருந்து நோட்ஸுக்கு ஒரு வழி வைப்பது நல்லது. அப்சிடியனில் அந்தப் பக்கத்தின் மெனுவில் ‘காப்பி அப்சிடியன் யூஆர்எல்’ இருக்கும். கார்டில் ‘மூலம்’ என்று ஒரு ஃபீல்டு (விவரக் கட்டம்) சேர்த்து அதில் ஒட்டுங்கள். பக்கத்தின் பெயரைப் பிறகு மாற்றினால் இந்த இணைப்பு அறுந்துவிடும். அப்சிடியன் தன் வீட்டுக்குள் இருக்கும் இணைப்புகளைத்தான் திருத்தும், ஆங்கியில் கிடப்பது அதற்குத் தெரியாது.

புதிய ஃபீல்டு சேர்ப்பதில் பலர் மாட்டிக்கொள்கிற ஒரு குழி உண்டு. ஃபீல்டு சேர்த்தவுடன் ஆங்கி, போனையும் கணினியையும் ஒத்துப்போக வைக்கும் வழக்கமான சிங்க்கை விட்டுவிட்டு, ‘மேலே ஏற்றவா, கீழே இறக்கவா’ என்று ஒருவழிக் கேள்வி கேட்கும். போனில் செய்த ரிவிஷன் அதுவரை சிங்க் ஆகாமல் கிடந்தால், ஏற்றும்போது அது அப்படியே போய்விடும். முதலில் போனில் சிங்க், அடுத்து கணினியில் சிங்க், அதன் பிறகு ஃபீல்டு. கேள்வி வந்தால் கணினியில் அப்லோட், போனில் டவுன்லோட்.

ஐபோன் விஷயம். இதற்காக அந்தப் போனை வாங்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு இலவசம். ஐபோனுக்கான ஆங்கிமொபைலுக்கு ஒரே ஒரு முறை காசு கட்ட வேண்டும். கட்டாமலும் இணைய பிரவுசரில் ஆங்கியின் இணையத்தளமான ஆங்கிவெப்பைத் திறந்து ரிவிஷன் செய்யலாம், வசதிதான் குறைவு. ‘ஆங்கி’ என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். அந்தப் பெயரை ஒட்டிவைத்துக்கொண்டு சந்தா கேட்கிற வேறு ஆப்களும் ஸ்டோரில் உண்டு. அவை உங்கள் ஆங்கிவெப் கணக்கோடு சேராது, 2,600 கார்டும் அங்கே வராது.