கொழும்பில்தான் மலேரியா இல்லையே, இந்தியா போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால் அதற்கும் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம் சோதிக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பார்ப்பவன் நான். காய்ச்சலோடு வருபவர்களில் பெரும்பாலோர் முழு இரத்தக் கணிப்புக்கான சீட்டையே கொண்டுவருகிறார்கள். இங்கே காய்ச்சல் என்றாலே டெங்குதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பிளேட்லெட் குறைந்திருந்தால் அந்த எண்ணம் இன்னும் வலுப்படும். ஆனால் மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும் என்பதைப் பலர் அறிவதில்லை. நடுங்கும் குளிர், கடும் காய்ச்சல், பிறகு வியர்வை என்ற ஒழுங்கும் தொடக்கத்தில் தெளிவாகத் தெரியாது. தலையிடி, உடல் உளைவு, வாந்தி என எந்தக் காய்ச்சலுக்கும் உரிய குறிகளே முதலில் தோன்றும்.

மலேரியாவுக்குத் தனியாகக் கேட்டால்தான் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தடிப்பாகப் பூசி, உலரவிட்டு, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடுவோம். முதல் தகட்டில் ஒட்டுண்ணி தென்படாவிட்டாலும் சந்தேகம் நீங்காதவரை மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும். ஆகவே, மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், எந்த நாட்டுக்குச் சென்று எப்போது திரும்பினீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். பல்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகையாக இருந்தால் சில நாள் தாமதமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது உண்மை. எனினும் அழிந்தது நோய்தான், அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு அல்ல. நோயாளியைக் கடிக்கும் பெண் நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி வளர்ந்து, பின்னர் அது கடிக்கும் வேறொருவருக்குத் தொற்றும். 1963 இல் வெறும் 17 பேராகக் குறைந்திருந்த நோய், 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியதை நம் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். போதாததற்கு, கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும் ஸ்டீபன்சி என்ற நகர்ப்புற நுளம்பும் 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டது. சென்னையில் மலேரியாவைப் பரப்புவதும் இதே இனந்தான்.

பயணத்துக்கு முன் மலேரியாத் தடுப்பு இயக்கத்தை நாடினால், போகும் இடத்துக்கேற்ற தடுப்பு மாத்திரைகளை இலவசமாகத் தருவார்கள். திரும்பிய பிறகும் அவர்கள் சொல்லும் காலம்வரை அவற்றை விழுங்க வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது என்பதால் வலைக்குள் உறங்குவது பெரிதும் உதவும். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை ஈரலில் உறங்கிக்கிடந்து பல மாதங்களுக்குப் பின்னும் தலைகாட்டும் என்பதால், போன ஆண்டுப் பயணத்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.