சமையல் இல்லாத வேலைகளுக்கு ஓவன்: மலைநாட்டு வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

ஹட்டனில் 22 வருடங்களாக ஓவன், கேத்தல், ஹீட்டர் எல்லாம் திருத்துகிறேன். அதற்கு முன் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை பார்த்தேன். கேக் சுட்டுக் கெட்டுப்போன ஓவன் என்னிடம் வருவது குறைவு. சப்பாத்து காயவைத்தது, மண் சூடாக்கியது, குளிருக்குக் கதவைத் திறந்து வைத்தது என்று வருபவைதான் நிறைய. அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத எனக்கு மிகவும் விருப்பம். ஓவன் என்று நான் சொல்வது மேசையில் வைக்கிற மின்சார ஓவனை. கேஸ் ஓவன் வருகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

நோர்வூட்டிலிருந்து ஒரு தாய்: அண்ணே, மே மாதம் மழை பிடித்தால் பிள்ளைகளின் சீருடையும் சப்பாத்தும் காய்வதே இல்லை. ஓவனை 50இல் வைத்துக் காயவைத்தால் என்ன?

வேண்டாம் தங்கச்சி. 50 என்று திருகினாலும் உள்ளே 50 இருக்காது. ஓவனின் கம்பி சிவக்கிறது என்றால் அந்தக் கம்பி 500 பாகையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் அதை அணைத்து அணைத்துப் போட்டுச் சராசரியாக ஒரு சூட்டைத் தருகிறது, அவ்வளவுதான். சீருடையின் ஒரு மூலை கம்பியில் பட்டால் தீப்பிடிக்கும். சப்பாத்தின் பசை 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும், அடிப்பாகம் கழன்று வரும்.

ஃபெக்டரியில் கொழுந்தை எப்படி வாட்டுகிறோம் என்று பாருங்கள். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை நேரே ட்ரையருக்கு அனுப்புவதில்லை. முதலில் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் மணிக்கணக்காகக் காற்று அடிக்கிறோம். மழை நாளில் மட்டும் அந்தக் காற்றோடு கொஞ்சம் சூடு சேர்ப்போம். ஈரத்தைக் கொண்டுபோவது காற்றுதான். சூடு அந்தக் காற்றில் ஈரத்துக்கு இடம் உண்டாக்குகிறது. நமது ஊரில் 15 பாகைக் குளிரில் காற்றின் ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பத்தே பாகை! இதை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஆகவே சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைக் கடதாசியைக் கசக்கித் திணியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எதிரே ஒரு மேசை மின்விசிறியை ஓடவிடுங்கள். சீருடையைத் துவாயில் சுருட்டி முறுக்கி எடுத்து, மின்விசிறி ஓடுகிற அறையில் இடைவெளி விட்டுத் தொங்கப்போடுங்கள். மிச்ச ஈரத்துக்குக் காலையில் ஸ்திரிக்கைப் பெட்டி போதும்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: தை மாதக் குளிரில் புல்லில் உறைபனி படிகிறது. இரவில் கேஸ் ஓவனைப் பற்றவைத்துக் கதவைத் திறந்துவிட்டால் அறை நன்றாகச் சூடாகிறது. இதில் ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. உயிராபத்து. இன்று இரவிலிருந்தே நிறுத்திவிடுங்கள் ஐயா.

கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் கேஸ் எரிய எரிய ஒட்சிசன் குறையும். எரிதல் அரைகுறையாகிக் காபனோரொட்சைட்டு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நமது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்பாமலே போய்விடலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பயணக் களைப்பு என்று பலர் நினைத்துக்கொள்வதுதான் பெரிய கொடுமை.

எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு தை மாதம் அடுப்புக் கரியை ஒரு தட்டில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தார்கள். விடிய எங்கள் அப்பாயியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. இஸ்தோப்புக்குத் தூக்கிவந்து காற்றுப்பட வைத்து, ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. கரிக்கும் கேஸுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் காரணம் யோசிக்க வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

மின்சார ஓவனில் இந்த வாயு இல்லை. ஆனாலும் கதவைத் திறந்து வைத்தால் தெர்மோஸ்டாட் அணையவே அணையாது, பிள்ளைகள் கை வைப்பார்கள். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று வாங்குங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: கலியாண வீடுகளில் படம் எடுக்கிறேன் அண்ணா. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் படர்கிறது. ஓவனில் லேசாகச் சூடாக்கினால் சாகுமா?

லென்ஸை வைக்காதீர்கள் தம்பி. உள்ளே பசையும் கிரீஸும் இருக்கின்றன. ஆனால் ஓவன் உங்களுக்கு வேறு விதத்தில் நன்றாக உதவும். சிலிக்கா ஜெல் மணி வாங்குங்கள். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுக்கும். பிறகு நிறம் மாறும். குப்பையில் போட வேண்டாம். பையிலிருந்து மணிகளைக் கொட்டி (பையோடு வைத்தால் பை உருகும்) ஒரு தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 110 முதல் 120 பாகையில் ஒன்றரை இரண்டு மணி நேரம் வையுங்கள். கதவை ஒரு விரல் அளவு திறந்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள், இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே சுற்றும். நிறம் திரும்பியதும் சூட்டோடு போத்தலில் அடைத்துவிடுங்கள். பல தடவை இப்படிச் செய்யலாம்.

செம்மஞ்சள் நிற மணியாகப் பார்த்து வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, அது நச்சு. சாப்பாடு செய்கிற ஓவனுக்குள் அது போகவே கூடாது.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா: கூரை ஒழுகி, பெட்டிக்குள் இருந்த தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழும் அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் நனைந்துவிட்டன. ஓவனில் மெல்லிய சூட்டில் காயவைக்கலாமா?

வைக்காதீர்கள் அக்கா. சூட்டில் கடதாசி மொறுமொறுத்துப் பிறகு மடிப்பில் உடையும். முத்திரை மை பரவும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்கவும் வேண்டாம். இன்றைக்கே உலர்த்த முடியாவிட்டால் பொலித்தீன் பையில் போட்டுப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைந்திருக்கும் வரை பூஞ்சணம் பிடிக்காது. நேரம் கிடைத்ததும் எடுத்து, அச்சு இல்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறிக் காற்று நேரே படாமல் அறையில் சுற்றும்படி விடுங்கள். வெள்ளைத் தாளை அடிக்கடி மாற்றுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் மேலே ஒரு பலகையும் இரண்டு கனமான புத்தகங்களும் வைத்தால் சுருங்காது. ஈரத்தோடு லமினேட் பண்ணிவிடாதீர்கள், உள்ளே அடைபட்ட ஈரம் எழுத்தைத் தின்றுவிடும்.

1948இல் நம்மவர்களை நாடற்றவர்களாக்கிய சட்டத்திலிருந்து 1964 ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை எத்தனை வரிசையில் நின்று வாங்கிய தாள்கள் இவை. காய்ந்ததும் முதல் வேலையாகப் படம் எடுத்துப் பிள்ளைகளின் ஃபோனிலும் போட்டு வையுங்கள். பிறகு இறுக்கமான மூடி உள்ள டப்பாவில், மேலே தம்பிக்குச் சொன்ன சிலிக்கா மணியோடு வையுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு இளைஞர்: தப்பு அடிக்கிற குழு எங்களுடையது. மழை நாளில் திருவிழாவுக்குத் தப்பு காய்ச்ச நெருப்பு மூட்ட முடியவில்லை. ஓவனில் வைத்துக் காய்ச்சலாமா மாமா?

கேள்வி நல்ல கேள்வி மருமகனே, ஆனால் பதில் முடியாது என்பதுதான். நெருப்பில் காட்டும்போது தோலின் முகம் மட்டும் சூடேறுகிறது. நீங்கள் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, போதும் என்றதும் எடுத்துவிடுகிறீர்கள். ஓவனில் மரச் சட்டமும் சேர்ந்து காயும், பொருத்து விரியும், புளியங்கொட்டைப் பசை விட்டுவிடும். ஈரத் தோல் 60, 65 பாகையிலேயே சுருங்கிப்போகும். சுருங்கிய தோல் பழைய நிலைக்கு வராது. உள்ளே இருக்கும்போது சத்தமும் கேட்க முடியாது. தகரக் கூரைக்கு அடியில் ஒரு தகர டின்னில் மட்டைப் பெட்டித் துண்டுகளை எரித்துக் காய்ச்சுங்கள். அவசரத்துக்கு முடி உலர்த்தும் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தும் பார்க்கலாம். அப்போது சத்தம் உங்கள் கைக்குள்ளேயே இருக்கும்.

கந்தப்பளையிலிருந்து ஒரு விவசாயி: லீக்ஸ், கோவா நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்கின்றன. நாற்று மண்ணை ஓவனில் சூடாக்கினால் நோய் போகும் என்கிறார்களே?

போகும். செய்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. மண்ணைப் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் அளவுக்கு ஈரமாக்குங்கள். 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் போகாமல் தட்டில் போட்டு அலுமினியத் தாளால் மூடுங்கள். குத்திப் பார்க்கிற தெர்மோமீட்டரை மண்ணின் நடுவில் செருகி, மண் 82 பாகைக்கு வந்ததிலிருந்து 30 நிமிடம் கணக்கு வையுங்கள். ஓவன் காட்டுகிற எண்ணைப் பார்க்காதீர்கள், மண்ணின் சூட்டைப் பாருங்கள். 93ஐத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் நாற்றுக்கு நஞ்சாகிற பொருட்கள் மண்ணில் உண்டாகும், மங்கனீசும் அதிகமாகக் கரைந்து வரும். நமது தேயிலைப் பக்கத்து மண் புளிப்பு மண், அதில் கரைந்த மங்கனீசு ஏற்கெனவே கூடுதல். அதனால் நமக்கு இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சூட்டில் நல்ல கிருமியும் சாகும். வெறுமையான மண்ணில் முதலில் நுழைகிறதுதான் ஆட்சி செய்யும். ஆகவே சுத்தமான தட்டு, சுத்தமான கை, சுத்தமான தண்ணீர். நாற்றுத் தட்டுக்கு மட்டும் செய்யுங்கள், பாத்திக்கு வேண்டாம். நாற்றம் வீடு முழுவதும் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு பழைய பானையில் தட்டுப் போட்டு, மண்ணை 30 நிமிடம் ஆவியில் வைத்தாலும் நாற்று மண்ணுக்கு நன்றாகவே வேலை செய்யும். எனக்கு அதுதான் பிடித்த வழி.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் போஞ்சி விதையையும் ஓவனில் காயவைக்கலாமா?

கூடாது. 40 பாகையைத் தாண்டினால் முளைப்புத் திறன் போய்விடும். விதைக்கும் சிலிக்கா மணி டப்பாதான்.

ராகலையிலிருந்து ஒரு அக்கா: ஸ்ட்ரோபரி ஜேம் போட்டு விற்கிறேன். போத்தல்களை ஓவனில் கிருமி நீக்கலாமா?

வெறும் போத்தலை வைக்கலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஓவனிலேயே நிற்க வைத்து, மெல்ல 130 அல்லது 140 பாகைக்கு ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். சூடான போத்தலில் சூடான ஜேமைத்தான் ஊற்ற வேண்டும். குளிர்ந்த கல்லின் மேல் வைத்தால் வெடித்துவிடும், மரப் பலகையில் வையுங்கள். ஜேம் நிரப்பி மூடிய போத்தலை ஒருபோதும் ஓவனில் வைக்காதீர்கள்.

கொதிதண்ணீரில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்துக்குச் சொல்லப்பட்ட 10 நிமிடம் நமக்குப் போதாது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒரு நிமிடம் கூட்டி, நுவரெலியா உயரத்தில் 16 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு மாணவி: பொலிமர் களிமண்ணில் காதணி செய்கிறேன் அங்கிள். அகல் விளக்கும் சுட்டுப் பார்க்க ஆசை.

காதணி சரி வரும் மகள். பைக்கற்றில் போட்டிருக்கும் சூட்டைப் பின்பற்றுங்கள், பெரும்பாலும் 130 பாகைக்குக் கிட்ட இருக்கும். அது பி.வி.சி. கலந்த பொருள். அதிகம் சூடாகிக் கருகினால் ஐதரசன் குளோரைட்டுப் புகை வரும், தொண்டையும் கண்ணும் எரியும். சின்ன ஓவனில் கம்பி கிட்ட இருப்பதால் மேலே அலுமினியத் தாளால் கூடாரம் மாதிரி மூடுங்கள். தனியாக ஒரு ஓவன் தெர்மோமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள், அந்தச் செலவு வீண் போகாது. அகல் விளக்கு முடியாது. மண் ஓடாக மாற 600 பாகைக்கு மேல் வேண்டும், வீட்டு ஓவன் 250இல் நின்றுவிடும்.

அப்புத்தளையிலிருந்து ஒருவர்: மரத்தில் செதுக்கிய சின்னப் பிள்ளையாரிலிருந்து மாவு கொட்டுகிறது. உளு பிடித்திருக்கிறது.

இதற்கு ஓவன் நல்ல மருந்து. மரத்தின் நடுப்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் இருந்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். கப்பலில் போகும் மரப் பெட்டிகளுக்கு உலகம் முழுவதும் இதே அளவுதான் விதி. ஓவனை 60, 65இல் வைத்து, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தால் மரம் வெடிக்காது. நடுவரை சூடு போக நேரம் எடுக்கும், கைப்பிடி அளவுச் சிலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள். சாயம், அரக்கு பூசியதாக இருந்தால் செய்ய வேண்டாம்.

கொட்டகலையிலிருந்து ஒருவர்: எங்கள் லயத்தில் 5 அம்பியர் உருண்டை ப்ளக் பொயின்ற்தான் இருக்கிறது. அடாப்டர் போட்டு ஓவன் பாவிக்கிறோம். அடாப்டர் சுடுகிறது.

உடனே கழற்றுங்கள். 5 அம்பியர் என்றால் 230 வோல்ற்றில் 1,150 வாட்தான் தாங்கும். 2,000 வாட் ஓவன் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். கேக் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். உலர்த்துகிற வேலை மணிக்கணக்கில் ஓடும், அப்போதுதான் வயர் உருகும். மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து 13 அம்பியர் பொயின்ற் வைக்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: கம்பி எரிந்துபோன பழைய ஓவன் ஒன்று கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடுவதா?

போடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை இதில்தான் இருக்கிறது: பூஞ்சணம் பிடிக்காமல் பொருட்களை வைக்கிற உலர் பெட்டியாக அதை மாற்றுவது. எரிந்த கம்பிகளின் இணைப்பை முழுவதும் கழற்றிவிட்டு, அடியில் சூடு தாங்கும் ஹோல்டரில் 15 வாட் குண்டு பல்ப் ஒன்றைப் பொருத்துங்கள். எல்.ஈ.டி. வேண்டாம், அதில் போதிய சூடு வராது. உடம்புத் தகரத்துக்கு எர்த் வயர் கட்டாயம். வயரிங் தெரிந்த ஒருவர் செய்யட்டும். கதவு மூடியபடி அந்தச் சின்ன பல்ப் உள்ளே சில பாகை சூட்டை ஏற்றி வைத்திருக்கும். முதலில் சொன்ன கணக்குத்தான், பத்துப் பாகை ஏறினால் ஈரப்பதம் பாதியாகிவிடும். உள்ளே ஒரு ஈரப்பதமானி வைத்து 45, 50 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 40க்குக் கீழே போனால் பல்பைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள், தோலும் மரமும் வரண்டுவிடும்.

என் கடையில் அப்படி ஒன்று எட்டு வருடமாக ஓடுகிறது. மேல் தட்டில் வாடிக்கையாளர் ஒருவரின் கெமரா, கீழ்த் தட்டில் எங்கள் வீட்டுப் பிறப்புச் சான்றிதழ்களும் காணிப் பத்திரமும், ஓரத்தில் மகளின் சுருதிப் பெட்டி. இந்த வருட மழையிலும் ஒன்றிலும் பூஞ்சணம் இல்லை.