ப்ரீமியர் லீக்கில் கோப்பை வெல்லாத ஓர் அணியின் மறக்க முடியாத சீசன் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பிளாக்பூல், 2010-11. கோப்பை வெல்லவில்லை என்பது மட்டுமல்ல, அந்த சீசனின் முடிவில் 20 அணிகளில் 19-ஆம் இடத்தில் நின்று, கடைசி மூன்றில் ஒன்றாக இரண்டாம் டிவிஷனுக்குத் தரம் இறங்கிய அணி அது. இருந்தும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வேறு எந்த அணியும் நினைவுக்கு வரவில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளாக்பூல் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் சுற்றுலா ஊர். ஒரு காலத்தில் அங்கே பெரிய கால்பந்து அணி இருந்தது. 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் போல்டன் அணியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று வென்றார்கள். ஸ்டான் மார்ட்டென்சன் மூன்று கோல் அடித்தும், வலது ஓரத்தில் ஸ்டான்லி மாத்யூஸ் ஆடிய ஆட்டத்தால் அதை இன்றும் 'மாத்யூஸ் ஃபைனல்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்து அணியின் கேப்டனாக இருந்த ஜிம்மி ஆர்ம்ஃபீல்ட் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரே கிளப்பில் கழித்தார். 1971-இல் அவர் ஓய்வு பெற்றார், அதே ஆண்டில் கிளப் முதல் டிவிஷனிலிருந்து (ப்ரீமியர் லீக் வருவதற்கு முன் இருந்த மேல்மட்ட லீக்) இறங்கியது. நான்காவது டிவிஷன் வரை போய்விட்டுத் திரும்பி மேலே வர 39 ஆண்டுகள் ஆயின.

வந்த விதமும் சாதாரணமானதல்ல. 2009-10 சாம்பியன்ஷிப்பில், அதாவது இரண்டாம் மட்ட லீக்கில், ஆறாம் இடம். மேலே ஏறும் கடைசி அணியைத் தீர்மானிக்கும் ப்ளே-ஆஃபுக்குத் தகுதியான கடைசி இடம் அது. 2010 மே 22 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ப்ளே-ஆஃப் இறுதியில் கார்டிஃப் அணியை 3-2 என்று வென்றார்கள். இரண்டு முறை பின்தங்கி, இரண்டு முறை சமன் செய்து, ஐந்து கோலும் முதல் பாதியிலேயே விழுந்துவிட்ட ஆட்டம் அது.

அப்புறம் ப்ரீமியர் லீக். இவர்கள்தான் முதலில் இறங்குவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். 2007-08-இல் டெர்பி கவுன்டி வெறும் 11 புள்ளியோடு முடித்ததே, அந்தச் சாதனையை இவர்கள் முறியடிப்பார்களா என்றுகூடப் பேச்சு. அப்படிப் பேச காரணமும் இருந்தது. ப்ளூம்ஃபீல்ட் ரோடு மைதானத்தில் சுமார் 16,000 பேர்தான் உட்கார முடியும். பயிற்சி மைதானம் பழசு. வீரர்களின் சம்பளத்துக்கு வாரம் 10,000 பவுண்டுதான் உச்சவரம்பு என்று அப்போது பரவலாக எழுதினார்கள், மற்ற அணிகளில் பெஞ்சில் உட்காருபவர்களே அதைவிடப் பல மடங்கு வாங்கிய காலம். அணியின் மூளையாக இருந்த சார்லி ஆடமை ரேஞ்சர்ஸிடமிருந்து 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள்.

முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் விகனோடு நடக்க வேண்டியது. புதிய கேலரி கட்டி முடியாததால் ஆட்டத்தையே விகனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே போய் 4-0 என்று அடித்தார்கள்! அன்று மாலை செல்சி ஆடும் வரை சில மணி நேரம் பட்டியலில் பிளாக்பூல்தான் முதலிடம். அடுத்த வாரமே ஆர்சனலிடம் 0-6. இந்த இரண்டு ஸ்கோரும் சேர்ந்தால் அந்த சீசன் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

மேலாளர் இயன் ஹாலோவே. பத்திரிகையாளர் சந்திப்புகளில் அவர் பேசும் பேச்சுக்காகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும், அதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர் செய்த கால்பந்து வேலைதான் பெரியது. புதிதாக மேலே வரும் அணி வழக்கமாகப் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தி ஒரு புள்ளிக்காகக் காத்திருக்கும். ஹாலோவே மூன்று பேரை முன்னால் வைத்து ஆடினார். எதிராளி யார், மைதானம் யாருடையது என்று பார்த்து அதை மாற்றவில்லை. ஆடம் நடுவில் பந்தை வாங்கி இடது காலால் நாற்பது, ஐம்பது கஜம் தள்ளிப் போடுவார். பக்கத்தில் டேவிட் வான் ஓயாமல் ஓடுவார். முன்னால் டி.ஜே. கேம்பெல், கேரி டெய்லர்-ஃப்ளெட்சர், லூக் வார்னி. இவர்களில் யாரையும் அதற்கு முன் பெரிய கிளப்புகள் துரத்தியதில்லை.

செப்டம்பரில் நியூகாசில் மைதானத்தில் 2-0 வெற்றி. அக்டோபர் 3 அன்று லிவர்பூலை அவர்களின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 2-1 என்று வென்றார்கள். அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, ஆடம் பெனால்டியையும் வார்னி இரண்டாவது கோலையும் அடித்த பிறகும், இடைவேளையில் ஸ்கோர் 2-0 என்று நம்ப முடியவில்லை. டிசம்பரில் ஸ்டோக், சண்டர்லாந்து என்று வெளியூரில் மேலும் இரண்டு வெற்றி. ஆண்டு முடியும்போது 17 ஆட்டத்தில் 25 புள்ளி. ஜனவரி 12 அன்று ப்ளூம்ஃபீல்ட் ரோடுக்கு லிவர்பூல் வந்தது. கென்னி டால்கிலிஷ் மீண்டும் மேலாளராகி வந்த முதல் லீக் ஆட்டம் அது. லிவர்பூலின் டோரஸ் ஆரம்பத்திலேயே கோல் அடித்தும் மறுபடி 2-1 பிளாக்பூலுக்குத்தான்.

சரி, பிறகு எப்படி இறங்கினார்கள்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: தற்காக்கத் தெரியவில்லை, துணிச்சல் என்ற பெயரில் கதவைத் திறந்து போட்டார்கள். 78 கோல் வாங்கினார்கள், அந்த சீசனில் அதுதான் அதிகம், இதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

அதே சீசனில் பர்மிங்காம் சிட்டியைப் பாருங்கள். பிளாக்பூலுக்கு நேர் எதிரான அணி. கட்டுக்கோப்பு, உயரமான தடுப்பாட்டக்காரர்கள், ஒரு கோல் அடித்தால் பூட்டிக்கொள்ளும் ஆட்டம். பிப்ரவரியில் ஆர்சனலை வென்று லீக் கோப்பையே (ப்ரீமியர் லீக் பட்டம் அல்ல, தனி நாக்-அவுட் போட்டி) வாங்கினார்கள். லீக்கில் அவர்கள் அடித்தது 37 கோல், பிளாக்பூல் அடித்தது 55. ஐந்தாம் இடம் பிடித்த டாட்டன்ஹாமும் அந்த சீசனில் 55 கோல்தான் அடித்தது. முடிவில் பர்மிங்காம் 39 புள்ளி, பிளாக்பூல் 39 புள்ளி, இரண்டும் இறங்கின. அடைத்து ஆடிய அணிக்கும் திறந்து ஆடிய அணிக்கும் ஒரே கூலி கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, அடைத்து ஆடியிருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? இந்த வீரர்களை வைத்து அடைத்து ஆடியிருந்தால் ஆன்ஃபீல்டிலும் நியூகாசிலிலும் கிடைத்த புள்ளிகள் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

உண்மையான காரணம் ஆள் பற்றாக்குறைதான். முதல் 17 ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்தவர்கள் மீதி 21 ஆட்டத்தில் எடுத்தது 14. டிசம்பர் குளிரில் ப்ளூம்ஃபீல்ட் ரோடு தரை உறைந்து ஆட்டங்கள் தள்ளிப்போயின, அவை ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அதே பதினைந்து, பதினாறு பேர் திரும்பத் திரும்ப ஆட வேண்டியிருந்தது. ஜனவரியில் லிவர்பூல் ஆடமைக் கேட்டது, அவரும் போக விரும்பினார், கிளப் விடவில்லை. ஜனவரியில் வந்த ஜேசன் பஞ்ச்சன், ஜேம்ஸ் பியாட்டி, ஆண்டி ரீட் போன்றவர்களால் அந்த அணியின் வேகத்துக்கு முழுதாக ஈடுகொடுக்க முடியவில்லை. பஞ்ச்சன் மட்டும் ஓரளவு.

ஜனவரி 25 அன்று மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிரான ஆட்டம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. யுனைடெடில் வளர்ந்த கிரெய்க் கேத்கார்ட் முதல் கோல், கேம்பெல் இரண்டாவது. 2-0. அந்த முன்னிலையில் இருந்தபோது பெனால்டி பகுதிக்குள் வார்னியை ரஃபேல் வீழ்த்தினார், நடுவர் பெனால்டி தரவில்லை. என் கண்ணுக்கு அது தெளிவான பெனால்டி. கடைசி இருபது நிமிடத்தில் பெர்படோவ் இரண்டு, ஹெர்னாண்டஸ் ஒன்று என்று 3-2 ஆக்கிவிட்டார்கள். அந்த சீசனில் யுனைடெட்தான் சாம்பியன்.

நவம்பரில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹாலோவே பத்து பேரை மாற்றி அணியை இறக்கினார். ஆட்டம் கடைசி நிமிடங்கள் வரை 2-2 என்று போய், 3-2 என்று தோற்றார்கள். 'பலம் குறைந்த அணியை' இறக்கியதாகச் சொல்லி லீக் நிர்வாகம் 25,000 பவுண்டு அபராதம் போட்டது. 25 பேர் கொண்ட பட்டியல் கொடுக்க வேண்டும் என்ற விதி அந்த சீசனில்தான் வந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களை ஆடவைப்பது எப்படிக் குற்றமாகும் என்று ஹாலோவே கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய கிளப்புகள் முக்கியமான ஐரோப்பிய ஆட்டத்துக்கு முன் ஆளை மாற்றுவது எல்லோரும் பார்த்ததுதானே.

மார்ச், ஏப்ரல் மோசமாகப் போயின. பிளாக்பர்னில் ஆடம் இரண்டு கோல் அடித்து முன்னிலை தந்தும் கூடுதல் நேரத்தில் 2-2. டாட்டன்ஹாமிலும் கடைசியில் கோல் வாங்கி 1-1. இந்த இரண்டு ஆட்டத்தில் நழுவிய நான்கு புள்ளி போதும், 39 என்பது 43 ஆகியிருக்கும். மே 14 அன்று சொந்த ஊரில் கடைசி ஆட்டம், எதிராளி போல்டன், ஸ்கோர் 4-3. 1953-இல் இருந்த அதே எதிராளி, அதே ஸ்கோர். அந்த வெற்றியோடு நம்பிக்கை உயிரோடு இருந்தது.

2011 மே 22, வெம்ப்ளி வெற்றிக்குச் சரியாக ஓராண்டு. ஓல்ட் டிராஃபர்டில், சாம்பியன் யுனைடெடின் மைதானத்தில், அவர்களோடு கடைசி ஆட்டம். பார்க் ஜி-சங் கோலுக்கு ஆடம் ஃப்ரீ கிக்கில் பதில் சொன்னார், இடைவேளைக்குப் பிறகு டெய்லர்-ஃப்ளெட்சர் 2-1 ஆக்கினார். அந்த நேரத்தில் பிளாக்பூல் தப்பித்த இடத்தில் இருந்தது. பின்னர் ஆண்டர்சன் சமன் செய்தார், இயன் எவட் காலில் பட்டு சொந்த கோல் விழுந்தது, மைக்கேல் ஓவன் நான்காவதை அடித்தார். 4-2. சீசன் முழுக்கப் பின்வரிசையைத் தூக்கிச் சுமந்த எவட்டுக்கு அப்படி நடந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒரே ஒரு புள்ளி அதிகமாக, 40 புள்ளியோடு வோல்வ்ஸ் அணி 17-ஆம் இடத்தில் தப்பித்தது. அதற்குப் பிறகு 2024-25 வரை 39 புள்ளி எடுத்த எந்த அணியும் ப்ரீமியர் லீக்கிலிருந்து இறங்கவில்லை.

பிறகு நடந்தது சோகம், அதை நீட்ட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கோடையிலேயே ஆடம் லிவர்பூலுக்கும், வான் சண்டர்லாந்துக்கும், கேம்பெல் க்யூ.பி.ஆருக்கும் போய்விட்டார்கள். வந்த பணம் அணிக்கும் மைதானத்துக்கும் போகவில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள், பல ஆண்டு மைதானத்துக்கே வராமல் புறக்கணித்தார்கள். 2016-இல் கிளப் நான்காவது டிவிஷனுக்கே இறங்கியது. 2017-இல் லண்டன் உயர் நீதிமன்றம், அப்போதைய உரிமையாளர் குடும்பம் கிளப்பின் பணத்தை முறையற்ற விதத்தில் உருவியதாகவே தீர்ப்பில் சொன்னது. 2019-இல் அந்த ஊரிலேயே பிறந்த சைமன் சாட்லர் கிளப்பை வாங்கிய பிறகுதான் நிலைமை சீரானது.

இந்த அணியைப் பார்த்ததே இல்லை என்றால், ஆன்ஃபீல்ட் ஆட்டத்தின் முதல் பாதியிலிருந்து தொடங்குங்கள். பந்து ஆடமின் காலுக்கு வரும் ஒவ்வொரு முறையும் முன்னால் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதைக் கவனியுங்கள். அதற்கடுத்து ஜனவரி 25 ஆட்டம். அதை மட்டும் தொண்ணூறு நிமிடமும் முழுதாகப் பாருங்கள், சுருக்கத்தில் அந்த முதல் எழுபது நிமிடம் தெரியாது.