கேள்வி பதில்: நாபாவிலிருந்து ஹம்போல்ட் வரை, ஆறுதலாக

இந்த முறை கலிபோர்னியாப் பயணம் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் அங்கே இருப்பதால் இந்தக் கேள்விகள் இனியும் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். மகன் சான் ஹோசேயில் வேலை செய்கிறார். செப்டெம்பர் கடைசியில் நானும் மனைவியும் போகிறோம். பத்து நாள் லீவு எடுத்து, முந்திரிகைத் தோட்டங்கள், கஞ்சாவைச் சட்டப்படி பயிரிடும் மலைகள், ரெட்வூட் காடு எல்லாம் காரில் காட்டுகிறேன் என்கிறார். அவர் அனுப்பிய பட்டியலில் பதினெட்டு இடங்கள் இருக்கின்றன. எனக்கு முழங்கால் நோ. எப்படித் திட்டமிடுவது?
(உரும்பிராய் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் வெட்டச் சொல்லுங்கள். பதினெட்டு இடமும் பார்த்தால் நீங்கள் பார்த்தது கார்க் கண்ணாடியாகத்தான் இருக்கும். மூன்று ஊரில் தங்குங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. பெட்டியை மூன்று தரம்தான் கட்ட வேண்டிவரும், முழங்காலுக்கும் அது நல்லது. நான் சொல்லும் மூன்று: சொனோமா கவுண்டியில் (கவுண்டி என்பது எங்கள் மாவட்டம் மாதிரி) ஹீல்ட்ஸ்பேர்க், கடற்கரையில் மெண்டோசினோ, வடக்கே ஹம்போல்ட்டில் யுரேகா அல்லது ஆர்கேற்றா. சன் பிரான்சிஸ்கோவிலிருந்து யுரேகா 101ஆம் வீதியால் ஏறக்குறைய 435 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒரே நாளில் ஓடிவிடலாம் என்று மகன் சொல்லுவார். ஓடலாம்தான், ஆனால் அதைத் திரும்பி வருகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வைனுக்குப் பேர்போன நாபாப் பள்ளத்தாக்கில் தங்க வேண்டாம், விலை கூட. ஹீல்ட்ஸ்பேர்க்கும் மலிவில்லை, ஆனால் அங்கிருந்து கலிஸ்டோகா வழியாக ஒரு பகலில் நாபாவைப் பார்த்துத் திரும்பலாம். 29ஆம் வீதியில் நெரிசல் இருக்கும், அதற்குச் சமாந்தரமாகப் போகிற சில்வராடோ ட்ரெயில் என்ற வீதியைப் பிடியுங்கள். 1976இல் பாரிசில் போத்தலின் பெயரை மறைத்து வைத்து நடத்திய சுவைப் போட்டியில், பிரான்சின் பேர்போன வைன்களை முந்தி இந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளையும் சிவப்பும் இரண்டும் முதலிடம் பெற்றன. அதற்குப் பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஆனால் எனக்கு அதை விடப் பெரிதாகப் படுவது 1968இல் நடந்தது. பள்ளத்தாக்கின் விளைநிலத்தை வீட்டுக் காணிகளாகத் துண்டு போட்டு விற்க முடியாதபடி அந்தக் கவுண்டி அன்றைக்கே ஒரு விவசாயக் காப்பு வலயத்தை அறிவித்தது. நல்ல செம்மண் தோட்டம் எல்லாம் மதில் கட்டிய வீடுகளாக மாறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு, அந்தத் தோட்டங்களின் நடுவில் நின்று யோசிக்க நிறைய இருக்கிறது.

போதனாசிரியர் என்றபடியால் இதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் கொடி பந்தலில் படரும், வெட்டிவிட்டு வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்கலாம். அங்கே கொடி கம்பி வரிசையில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும், குளிருக்கு இலை கொட்டித் தூங்கும், வருஷத்துக்கு ஒரே விளைச்சல். அந்த விளைச்சல் ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் வரை இறங்கும், நீங்கள் போவது சரியாக அதன் நடுவில். பழம் சூடேறாமல் இருக்க இரவில் விளக்குப் போட்டு வெட்டுவார்கள். விடிய வெள்ளன எழும்பிப் போனால் பழம் வந்து இறங்குவதைப் பார்க்கலாம், சுவை பார்க்கும் கூடத்தில் நிற்பதை விட உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சுவை பார்ப்பது பற்றியும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம், நாபாவில் முன்பதிவு இல்லாமல் போவதும் வேண்டாம். கட்டணம் ஆளுக்கு வாங்குவார்கள், ஒரு கட்டணத்தை இரண்டு பேர் பகிரலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதில் துப்பலாம், அங்கே அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. மகன் கார் ஓட்டுகிறார் என்றால் அவர் துப்பவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு கிளவர்டேலில் 101ஐ விட்டு 128ஆம் வீதியில் திரும்புங்கள். முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்த வீதி இதுதான். ஆண்டர்சன் பள்ளத்தாக்கு, பூன்வில், பைலோ, நவாரோ என்று சின்னச் சின்ன ஊர்கள். கடற்பனி உள்ளே வருவதால் நாபாவை விடக் குளிர், அதனால் பினோ நுவார் போன்ற குளிர் விரும்பும் கொடிகள். பிரான்சின் ஷாம்பெய்ன் கம்பனியான லூயி ரோடரர் 1982இல் இங்கே வந்து தோட்டம் போட்டதும் இந்தக் குளிருக்காகத்தான். அப்பிள் தோட்டங்களும் உண்டு, செப்டெம்பரில் வீதியோரக் கடைகளில் வாங்கலாம். பைலோவுக்குப் பக்கத்தில் ஹெண்டி வுட்ஸ் என்ற காட்டில் ஒரு மத்தியானத்தைச் செலவழியுங்கள். அங்கிருந்து ஆற்றோடு போனால் கடல்.

மெண்டோசினோவில் ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் இருங்கள். செப்டெம்பர் என்றாலும் தடித்த சுவெற்றர் வேண்டும், அது எங்கள் காங்கேசன்துறைக் கடல் இல்லை. அதற்கு வடக்கே முதலாம் இலக்க வீதி லெகெட் வரை வளைந்து வளைந்து மலையேறும். வயிற்றைப் பிரட்டும் ஆட்கள் முன் சீற்றில் இருக்கட்டும். இரண்டு வழி வீதிகளில் உங்களுக்குப் பின்னால் ஐந்து வாகனம் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம், அதற்கென்றே ஒதுக்கிடங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆறுதலாக ஓடுகிறவர்களுக்கு இதை விட நல்ல ஏற்பாடு இல்லை. லெகெட்டிலிருந்து மேலே போனால் ‘அவெனியு ஒவ் த ஜயண்ட்ஸ்’ என்ற பழைய வீதி, 50 கிலோமீற்றர், இரு பக்கமும் ரெட்வூட். நூறு மீற்றரைத் தாண்டிய மரங்கள் அந்தக் காட்டில் நிற்கின்றன. அங்கே ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற இடத்து நடைபாதை சமதரை, குறுகிய தூரம், உங்கள் முழங்கால் தாங்கும்.

இன்னொன்று, அறுவடைக் காலமும் காட்டுத்தீக் காலமும் அங்கே ஒன்றாகத்தான் வரும். 2017 ஒக்டோபரில் சான்ரா ரோசாவிலும் 2020 செப்டெம்பர் கடைசியில் நாபாவிலும் பெரும் தீ. பணம் திரும்பத் தரும் அறைகளையே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: கேரள கஞ்சா கரையில் பிடிபட்டது என்று தினமும் பேப்பரில் வாசிக்கிறோம். அங்கே அதையே விவசாயம் என்கிறார்களே, எப்படி? தோட்டத்தைப் போய்ப் பார்க்க விடுவார்களா? தண்ணீர் எங்கிருந்து?
(நீர்வேலி தோட்டக்காரர் ஒருவர்)

பதில்: அண்ணை, இது ஒரே நாளில் வந்ததில்லை. ஹம்போல்ட், மெண்டோசினோ, ட்ரினிற்றி மூன்று கவுண்டியையும் சேர்த்து மரகத முக்கோணம் என்பார்கள். 1960களின் கடைசியிலும் 70களிலும் நகரத்தை வெறுத்து மலைக்குப் போன இளம் ஆட்கள், மரம் வெட்டி முடிந்த மலிவான காணிகளை வாங்கிக் களவாகப் பயிரிட்டார்கள். 1983இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஹெலிகொப்டரில் வந்து பிடுங்கினார்கள். 1996இல் மருந்துக்கென்று வாக்கெடுப்பில் அனுமதி, 2016இல் 21 வயதானவர்களுக்குப் பொதுவாக அனுமதி, 2018 ஜனவரி 1இலிருந்து கடையில் விற்பனை. ஆனால் இதெல்லாம் கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம். அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் தடைதான். நாபா கவுண்டி கூட வணிகச் செய்கைக்கு இடம் கொடுக்கவில்லை.

சட்டம் வந்ததும் சின்னத் தோட்டக்காரர் பிழைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பனிகள் இறங்கி விளைச்சல் கூடியதும் விலை விழுந்தது, வரியும் அனுமதிக் கட்டணமும் சேர்ந்து அமுக்க, ஒளித்து வைத்துப் பயிரிட்ட காலத்தைத் தாக்குப் பிடித்த குடும்பங்கள் பல சட்டப்படியான காலத்தில் கைவிட்டுப் போயின. வெங்காயம் விலை விழுந்த வருஷங்களைப் பார்த்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்கள் அங்கே போய் ஒருவரோடு கதைத்தால் முதலில் இதைத்தான் கேளுங்கள், அவர்களும் மனம் திறந்து சொல்லுவார்கள்.

பயிரைப் பற்றி: பெண் செடியின் பூவுக்காகத்தான் வளர்க்கிறார்கள். ஆண் செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிடுவார்கள், மகரந்தம் பட்டால் விதை பிடித்துப் பூவின் தரம் போய்விடும். பகல் நேரம் குறையத் தொடங்கினால்தான் பூக்கும் செடி அது. அதனால் வெயிலில் வளர்க்கும் தோட்டங்களில் செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் முழுக்க வெட்டு. வெட்டியதை இருட்டான கொட்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈரப்பதம் பார்த்து மெதுவாக உலர்த்துவார்கள். புகையிலை உலர்த்தித் தரம் பிரிக்கிற கையும் மூக்கும் உள்ள ஒரு யாழ்ப்பாணத்து ஆளுக்கு அந்தக் கொட்டிலுக்குள் நின்றால் பாதி வேலை கேட்காமலே விளங்கும்.

தண்ணீர்தான் அங்கே பெரிய சண்டை. அந்த மலைகளில் கோடையில் மழையே இல்லை. முன்பு ஓடைகளிலிருந்து களவாகக் குழாய் போட்டு எடுத்ததால் ஓடை வற்றி சமன் மீன் குஞ்சுகள் செத்தன. இப்போது அனுமதி உள்ளவர்கள் ஏப்ரல் 1இலிருந்து ஒக்டோபர் 31 வரை ஓடைத் தண்ணீரைத் தொடக்கூடாது. மாரியில் பிடித்துக் குளத்திலும் தாங்கியிலும் சேர்த்து வைத்து அதைத்தான் இறைக்க வேண்டும். கிணறு உவராகிக்கொண்டு போகிற எங்கள் ஊருக்கு இந்த ஒழுங்கை யாராவது கொண்டுவந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

பார்க்க விடுவார்களா என்றால், அனுமதி பெற்ற தோட்டங்கள் சில ஒழுங்கு செய்யப்பட்ட சுற்றுலாக்களை ஏற்கின்றன. முன்கூட்டிப் பதிந்து அவர்களோடு மட்டும் போங்கள். வீதியால் போகும்போது ஒரு படலையைக் கண்டு, இதுதான் தோட்டமாக்கும் என்று சும்மா உள்ளே போகக்கூடாது. அந்த மலைகளில் கைத்தொலைபேசிச் சிக்னலும் கிடைக்காது. அழைக்காமல் வருகிறவரை அங்கே யாரும் வரவேற்பதில்லை.

கேள்வி: பெறாமகன் சொல்கிறான், பெரியம்மா நீங்களும் ஒரு கஞ்சா கம்மி (கஞ்சா சேர்த்த மெல்லும் இனிப்பு) சாப்பிட்டுப் பாருங்கோ, கால் நோவுக்கு நல்லது, இங்கே சட்டப்படிதானே என்று. சாப்பிடலாமா? கொஞ்சம் ஊருக்குக் கொண்டுவரலாமா?
(கொக்குவில் வாசகி)

பதில்: இரண்டுக்கும் வேண்டாம் அம்மா.

பெறாமகன் அமெரிக்கப் பிரஜையாக இருந்தால் அவருக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. நீங்கள் விசாவில் போகிறவர். விசாவும் எல்லையும் மத்திய அரசின் கையில், அவர்களின் சட்டத்தில் கஞ்சா தடை. மாநிலத்தில் அனுமதி இருந்த இடத்தில்தான் எடுத்தேன் என்று நீங்களே வாயால் ஒப்புக்கொண்டால் கூட அடுத்த முறை உள்ளே விடாமல் போகலாம். கிறீன் காட் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், அவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். கடை வாசலில் நின்று போட்டோ எடுத்து முகநூலில் போடுவதையும் விடுங்கள். ரெட்வூட் தேசியப் பூங்கா போன்ற மத்திய அரசுக் காணிகளில் யார் கையிலும் அது இருக்கக்கூடாது. விமானத்தில் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கட்டுநாயக்காவில் யாரும் கலிபோர்னியாச் சட்டம் கேட்கப் போவதில்லை.

உடம்புப் பக்கமும் பாருங்கள். சாப்பிடும் வகை ஏற அரை மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்று சாப்பிட்டுத்தான் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்களுக்கு மருந்தோடு மோதவும் கூடும். கால் நோவுக்கு உங்கள் டொக்டரிடம் இங்கேயே கேட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கம்மிகள் பார்வைக்கு இனிப்பு மாதிரியே இருக்கும். பைக்கற்றில் ஒரு முக்கோணம், அதற்குள் இலைப்படமும் ஆச்சரியக்குறியும் இருந்தால் அதுதான். பிள்ளைகளின் வீட்டு அலுமாரியில் இனிப்பு எடுக்கும்போது பாருங்கள், பேரப்பிள்ளைகள் எடுக்காமலும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு இலங்கை சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அண்ணாவோடு மாறி மாறி ஓட்டலாமா?
(நெல்லியடி இளைஞர்)

பதில்: தம்பி, செல்லுபடியாகும் சொந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு சுற்றுலாப் பயணி கலிபோர்னியாவில் ஓட்டலாம். வாடகைக் கம்பனி கேட்டால் காட்டச் சர்வதேச அனுமதிப்பத்திரமும் எடுத்துப் போங்கள், கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், 25 வயதுக்குக் குறைவென்றால் மேலதிகக் கட்டணம் கேட்பார்கள். அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். முதல் நாள் நகரத்தில் ஓட்டாமல் 128 மாதிரி அமைதியான வீதியில் தொடங்குங்கள். நிறுத்து என்ற பலகையைக் கண்டால் வீதியில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சக்கரம் முழுக்க நிற்கவேண்டும். கோல்டன் கேற் பாலத்தில் காசாகக் கட்டணம் வாங்குவதில்லை, அதை எப்படிக் கட்டுவதென்று வாடகைக் கம்பனியிடமே கேட்டுவையுங்கள்.

கேள்வி: எங்களுக்கு அமெரிக்கா போக வசதியில்லை. இங்கேயே முந்திரிகைத் தோட்டம் பார்த்து ஒரு நாள் சுற்றலாமா?
(சுன்னாகம் வாசகி)

பதில்: தாராளமாக, தங்கச்சி. காலையில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் பந்தல்களைப் பாருங்கள், பிறகு நீர்வேலி வாழைத் தோட்டங்கள். வெயில் ஏறும்போது நிலாவரைக் கிணற்றடிக்குப் போகலாம். பின்னேரம் தோலகட்டி ஆச்சிரமம், அவர்கள் செய்கிற வைனும் நெல்லிரசமும் பேர்போனவை. அமெரிக்காவில் 1920இலிருந்து 1933 வரை மது தடையாக இருந்தபோது நாபாவில் சில தோட்டங்கள் பூசைக்கு வைன் செய்து கொடுத்தே உயிர் தப்பின. அந்த வகையில் தோலகட்டிக்கும் நாபாவுக்கும் ஒரு உறவு உண்டு. மாரி மழைக்கு முன் போங்கள். தோட்டக்காரருக்கு முதல் நாளே அழைத்துச் சொல்லிவிட்டு, மருந்து அடித்த நாளா என்று கேட்டுப் போங்கள், பிள்ளைகள் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டே பழத்தைப் பறித்து வாயில் போடுவார்கள்.