பதிப்பு மாறும்போது நாம் எவ்வளவு மாற வேண்டும்?

கேள்வி: என் கணினியில் விண்டோஸ் 10 எந்தத் தடங்கலும் இல்லாமல் இயங்குகிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்பதற்காக உடனே மாறித்தான் ஆக வேண்டுமா?

பதில்: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பிறகும் கணினி முன்போலவே இயங்குவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புதிதாகக் கண்டறியப்படும் ஓர் ஓட்டை விண்டோஸ் 11இல் அடைக்கப்படும்போது, அந்தத் திருத்தத்தை ஆராய்பவர்களுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. அதே ஓட்டை பழைய பதிப்பில் திறந்தே கிடக்கிறது. ஆகவே, இணையத்தோடு இணைந்த கணினி என்றால், குறிப்பாக வங்கிக் கணக்கையோ அலுவலக மின்னஞ்சலையோ அதில் திறப்பவர் என்றால், தள்ளிப்போட வேண்டாம்.

அதற்காக இன்றே புதுக் கணினி வாங்கவேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, பல கணினிகளில் இருந்தும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கணினியின் செயலியே (ப்ராசஸர்) பழையதாக இருந்தால், கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான திட்டத்தில் பதிவு செய்யலாம். தனிநபர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறுவது இன்னொரு வழி; அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் திருத்தங்கள் கிடைக்கின்றன. உங்கள் அலுவலகத்திற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அதில் இயங்குமா என்பதைச் சோதித்த பிறகே முடிவெடுங்கள். ஆஃபீஸ் 2016, 2019 ஆகியவற்றின் ஆதரவும் விண்டோஸ் 10இன் ஆதரவு முடிந்த அதே நாளில்தான் முடிந்தது.

கேள்வி: ஒவ்வொரு பதிப்பிலும் கட்டளைகள் இடம் மாறுகின்றன. பழகியதெல்லாம் வீணாகிவிடுகிறது. எப்படித்தான் ஈடுகொடுப்பது?

பதில்: உங்கள் சோர்வு நியாயமானது. ஆஃபீஸின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் மெனுக்களுக்குப் பதிலாக, கட்டளைப் பொத்தான்களை மேலே வரிசையாகக் காட்டும் ரிப்பன் பட்டை வந்தபோது, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே கட்டளைகளைத் தேடித் திணறினார்கள். ஆயினும் அப்போது அதிகம் பாதிக்கப்படாதவர்கள் விசைப்பலகையை நம்பியவர்கள்: எக்செலில் ஆல்ட், இ, எஸ் என்று வரிசையாக அழுத்தினால் நகலெடுத்ததை எப்படி ஒட்டுவது என்று தேர்வு செய்யும் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி திறக்கும் பழைய வழி, அந்த மெனுவே மறைந்த பின்பும் இயங்குகிறது. கட்டளை கண்ணில் படாவிட்டால், அண்மைப் பதிப்புகளில் ஆல்ட், க்யூ விசைகளைச் சேர்த்து அழுத்தித் தேடல் பெட்டியில் அதன் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்வதைவிட, அது என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வதே நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. வேர்டில் தலைப்புகளுக்கு ஸ்டைல் என்னும் ஆயத்த வடிவமைப்பை இடக் கற்றவர், லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்குப் போனாலும் அதே முறையில் பொருளடக்கத்தைத் தானாக உருவாக்கிக்கொள்வார். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கி மட்டுமே பழகியவர் எந்தப் பதிப்பிலும் பொருளடக்கத்தைக் கையால்தான் தயாரிக்க வேண்டியிருக்கும். புதிய வசதிகள் அனைத்தையும் கற்க முயல வேண்டாம். நீங்கள் அன்றாடம் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஒன்றைக் குறைக்கும் வசதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தைக் கணக்கு முடிக்கும் நாட்களில் ஒருபோதும் தொடங்காதீர்கள்.

கேள்வி: நான் அனுப்பிய எக்செல் கோப்பைச் சக ஊழியர் திறந்து திருத்தியதும், விடைகள் இருந்த இடத்தில் பிழைச்செய்தி தோன்றுகிறது. காரணம் என்ன?

பதில்: பெயரை அறிய முடியவில்லை என்னும் பிழையாக (#NAME?) இருந்தால், நீங்கள் அட்டவணையில் மதிப்பைத் தேடித் தரும் எக்ஸ்லுக்அப் போன்ற புதிய சார்பு (ஃபங்ஷன்) ஒன்றைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். எக்செல் 2016, 2019 பதிப்புகளில் அது இல்லை. சேமித்த விடை திறக்கும்போது தெரிந்தாலும், மறுகணக்கீடு நடந்தவுடன் பிழையாகிவிடும். பலர் கைகளுக்குப் போகும் கோப்பில் எக்ஸ்லுக்அப்புக்குப் பதிலாக இன்டெக்ஸ், மேட்ச் ஆகிய பழைய சார்புகள் இரண்டையும் இணைத்து எழுதுங்கள்.